அவசர சிகிச்சைப் பிரிவிலை ஆராய்ச்சி செய்யிறது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரு டொக்டர் உங்களுக்கு ஒரு மருந்தை எழுதேக்கை, இது வேலை செய்யும் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? முந்தி எங்கையோ ஆரோ அந்த மருந்தை நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆக்களுக்குக் குடுத்து, குடுக்காத ஆக்களோடை ஒப்பிட்டுப் பாத்து எழுதி வைச்சிருக்கினம், அதை வைச்சுத்தான் சொல்லுறார். பிரஷர், சீனி வருத்தம் மாதிரி விசயங்களிலை இப்பிடிச் செய்து பாக்கிறது ஓரளவு லேசு. மாதா மாதம் கிளினிக்குக்கு வாற ஆக்கள், ஆறுதலா இருத்தி வைச்சுக் கதைக்கலாம், பேப்பரை வீட்டை கொண்டுபோய் பிள்ளையளிட்டைக் காட்டி யோசிச்சுப்போட்டு அடுத்த கிளினிக்குக்கு வந்து கையெழுத்து வைக்கலாம். ஆனா தலையிலை அடிபட்டு நினைவில்லாமல் வாற பெடியன், பாம்பு கடிச்சு வாற தோட்டக்காரர், நெஞ்சைப் பொத்திக்கொண்டு வந்து வாசலிலையே விழுற ஐயா, இவைக்கு எது நல்ல வைத்தியம் எண்டு கண்டுபிடிக்கோணும் எண்டால் அந்த ஆராய்ச்சி அந்த இடத்திலை, அந்த நிமிசத்திலைதான் நடக்கோணும். வேறை வழியில்லை.

நான் கொஞ்சக் காலம் ஒரு ஆஸ்பத்திரியிலை இப்பிடியான ஆய்வுகளுக்குத் தரவு சேர்க்கிற வேலை செய்தனான். அதுக்குப் பிறகு ஒரு விசயம் மனசிலை நல்லா நிண்டுட்டுது: ஆகவும் மோசமான நிலையிலை வாற ஆக்களுக்குத்தான் ஆகவும் குறைஞ்ச ஆதாரத்தோடை வைத்தியம் நடக்குது. அது ஏன் எண்டு மருத்துவம் படிக்காத ஆக்களுக்கும் விளங்கிற மாதிரி எழுதிப் பாக்கிறன்.

முதல்லை, உயிர் போற நேரத்திலை என்ன ஆராய்ச்சி, பேசாமல் தெரிஞ்ச மருந்தைக் குடுக்க வேண்டியதுதானே எண்டு கேப்பியள். நியாயமான கேள்விதான். ஆனா தெரிஞ்ச மருந்து எண்டு நாங்கள் நினைக்கிறது உண்மையிலை தெரிஞ்ச மருந்தா எண்டதுதான் பிரச்சினை. தலையிலை பலமா அடிபட்ட ஆக்களுக்கு மூளை வீங்காமல் இருக்க ஸ்டீரொயிட் ஊசி போடுறது உலகம் முழுக்கக் கன காலமா நடந்தது, முப்பது வருசத்துக்கு மேலை. வீக்கத்தைக் குறைக்கிற மருந்து, மூளை வீங்கியிருக்கு, அப்ப நல்லதுதானே எண்டு எல்லாரும் நினைச்சினம். பிறகு கிராஷ் எண்ட பெயரிலை பெரிய ஆய்வு ஒண்டு நடந்து 2004இலை முடிவு வந்தது, 10,008 பேர் அதிலை. ஸ்டீரொயிட் போட்ட ஆக்களிலை ரெண்டு கிழமைக்குள்ளை செத்தவை நூற்றுக்கு 21.1, போடாத ஆக்களிலை 17.9. எண்டால் நூறு பேருக்கு ஊசி போட்டால் மூண்டு பேர் மாதிரி மேலதிகமாச் சாகினம். நல்லது எண்டு நினைச்சுப் போட்ட ஊசி. அந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் இண்டைக்கும் போட்டுக்கொண்டுதான் இருப்பம்.

இன்னொண்டு, இதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை. கடும் காய்ச்சலோடை ரத்த ஓட்டம் குறைஞ்சு வாற பிள்ளையளுக்கு சேலைனை வேகமா ஏத்தோணும் எண்டது பணக்கார நாடுகளிலை இருந்து வந்த வழிமுறை. அதை கென்யா, உகண்டா, தன்சானியாவிலை 3,141 பிள்ளையளிலை சோதிச்சுப் பாத்தினம், ஃபீஸ்ட் எண்டு அந்த ஆய்வுக்குப் பெயர், 2011இலை வெளிவந்தது. வேகமா ஏத்தின பிள்ளையளிலை ரெண்டு நாளுக்குள்ளை செத்தது நூற்றுக்குப் பத்தரை மாதிரி, அப்பிடி ஏத்தாத பிள்ளையளிலை 7.3. (வயித்தாலை போய் நீர் வத்தி வாற பிள்ளைக்குச் சேலைன் ஏத்துறது வேறை கதை, அந்தப் பிள்ளையளை இந்த ஆய்விலை சேக்கேல்லை, ஆரும் பயந்து வேண்டாமெண்டு நிக்காதேங்கோ.) வென்டிலேட்டரும் ஐசியு கட்டிலும் தாராளமா இருக்கிற இடத்திலை எழுதின வழிமுறை, அது இல்லாத இடத்திலை அப்பிடியே சரி வரும் எண்டு நம்பேலாது. அதாலைதான் லண்டனிலை நடந்த ஆராய்ச்சி காணும், யாழ்ப்பாணத்திலை எதுக்கு எண்டு கேக்கிற ஆக்களோடை எனக்கு உடன்பாடில்லை.

சரி, இனித் தடையளுக்கு வருவம். பெரிய தடை சம்மதம்.

ஒரு ஆளை ஆய்விலை சேக்கிறதெண்டால் அவருக்கு எல்லாத்தையும் விளங்கப்படுத்தி, அவர் விருப்பத்தோடை ஓம் எண்டு சொல்லோணும். இது சும்மா வந்த சட்டமில்லை. ரெண்டாம் உலகப் போரிலை நாசி டொக்டர்மார் கைதியளிலை செய்த கொடுமையளுக்குப் பிறகு 1947இலை நியூரம்பேர்க் விதிகள் வந்தது, பிறகு 1964இலை உலக மருத்துவச் சங்கத்தின்ரை ஹெல்சிங்கிப் பிரகடனம். அந்தக் காவல் கட்டாயம் வேணும், அதிலை எனக்கு ரெண்டாவது கருத்தில்லை. ஆனா மயங்கிக் கிடக்கிற ஆளிட்டை எப்பிடிக் கேக்கிறது? சொந்தக்காரரிட்டைக் கேக்கலாம் எண்டால் ஏ9 வீதியிலை அடிபட்ட பெடியனை ஆரெண்டே தெரியாத ஓட்டோக்காரர் ஏத்திக்கொண்டு வந்திருப்பார், போன் உடைஞ்சு கிடக்கும், வீட்டுக்காரர் கிளிநொச்சியிலை இருந்து வந்து சேர ரெண்டு மணித்தியாலம் ஆகும்.

வந்து சேந்தாலும் அந்த நேரம் அம்மாவுக்கு என்ன விளங்கும்? இதை நான் கிட்ட நிண்டு பாத்திருக்கிறன். மகனைத் தள்ளுவண்டிலிலை உள்ளுக்குக் கொண்டு போகினம், கதவு சாத்தியாச்சு, அம்மாவின்ரை கையிலை மகன்ரை ரத்தம் பட்ட சேட், அந்தக் கையிலை நாங்கள் நாலு பக்கப் படிவத்தைக் குடுத்து இது ஒரு ஆய்வு அம்மா, நீங்கள் விரும்பினால் சேரலாம், விரும்பாட்டி விடலாம் எண்டு சொல்லுறம். அவ பேப்பரைப் பாக்கவே இல்லை. "தம்பி, பிள்ளை தப்புவானோ?" எண்டு மட்டும் கேட்டா, பிறகு எங்கை வைக்கோணும் எண்டு கேட்டுக் கையெழுத்தை வைச்சுப்போட்டா. சட்டப்படி அது சம்மதம், மனசாட்சிப்படி அதை என்னெண்டு சொல்லுறது? பிள்ளையின்ரை உயிர் டொக்டர்ன்ரை கையிலை இருக்கேக்கை டொக்டர் கேட்டதுக்கு ஆர் மாட்டன் எண்டு சொல்லுவினம். "நீங்கள் சொன்னால் சரி டொக்டர்" எண்டதுதான் எங்கட ஊரிலை கனபேரின்ரை பதில், அதைக் கேட்டுச் சந்தோசப்படுற ஆராய்ச்சியாளர் கொஞ்சம் நிண்டு யோசிக்கோணும்.

மற்றப் பக்கமும் இருக்கு. கையெழுத்து எண்ட உடனை பின்வாங்கிற ஆக்கள். பெயர், அடையாள அட்டை நம்பர், விலாசம், போன் நம்பர் எழுதி ஒப்பம் வைக்கிற பேப்பரை எங்கட சனம் எப்பிடிப் பாக்கும் எண்டு வடக்கிலை வளந்த ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. எத்தினை பதிவு, எத்தினை விசாரணை, எத்தினை படிவம் நிரப்பின சனம். "இந்தப் பேப்பர் எங்கை போகும்?" எண்டு ஒரு பெரியவர் கேட்டால் அவருக்கு அறிவில்லை எண்டு நினைக்கக் கூடாது, ஆய்வு செய்யிற ஆள் நேரெடுத்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. ஆர் பூட்டி வைக்கிறது, ஆர் பாக்கலாம், எத்தினை வருசத்தாலை அழிக்கிறது எண்டு சொல்லோணும்.

இதுக்கு உலகத்திலை கண்டுபிடிச்ச வழி ஒண்டு, சம்மதத்தைப் பிறகு கேக்கிறது. எதிக்ஸ் கொமிட்டி, அதான் ஒரு ஆய்வு நியாயமானதோ எண்டு பாத்து அனுமதி குடுக்கிற குழு, முதலே ஆய்வை முழுசா ஆராய்ஞ்சு, ரெண்டு வைத்தியத்திலை எது திறம் எண்டு உண்மையிலையே ஒருத்தருக்கும் தெரியாது, காத்திருக்க நேரமும் இல்லை எண்டு ஒத்துக்கொண்டால், உடனை வைத்தியத்தைத் தொடங்கிப்போட்டு, ஆள் நினைவுக்கு வந்தோண்ணை இல்லாட்டிச் சொந்தக்காரர் ஆறுதலானோண்ணை கேக்கலாம். வேண்டாம் எண்டால் அங்கையே நிப்பாட்டோணும். ஆபிரிக்காவிலை நடந்த அந்தப் பிள்ளையளின்ரை ஆய்விலும் கிட்டத்தட்ட இப்பிடித்தான், பெற்றாரிட்டை முதல்லை வாயாலை ஒரு ஓம், பிறகு ஆறுதலா முழு விளக்கம்.

அப்ப முடிஞ்சுதே எண்டு நினைப்பியள். இல்லை, இதுக்குள்ளை ஒரு பொறி இருக்கு, இது எனக்கு விளங்கவே கன நாள் எடுத்தது. சும்மா ஒரு கணக்குக்கு, 200 பேர் வருகினம் எண்டு வைப்பம், 100 பேருக்குப் புது மருந்து, 100 பேருக்குப் பழைய மருந்து. புது மருந்து எடுத்தவையிலை 30 பேர் முதல் மணித்தியாலத்திலையே செத்துப்போச்சினம், பழையதிலை 10 பேர். அடுத்த நாள் நீங்கள் மிஞ்சின ஆக்களிட்டை மட்டும் சம்மதம் கேட்டு அவையின்ரை தரவை மட்டும் எடுக்கிறியள், புதிசிலை 70, பழசிலை 90. பிறகு அந்த 70இலை 7 பேரும் 90இலை 9 பேரும் சாகினம். ரெண்டிலும் பத்து வீதம்! ரெண்டு மருந்தும் ஒண்டுதான் எண்டு எழுதிப்போடுவியள். உண்மையிலை புது மருந்திலை 37 பேர், பழசிலை 19 பேர். சம்மதம் கேக்க முந்திச் செத்த ஆக்களை விட்டதாலை ஆளைக் கொல்லுற மருந்து நல்ல பெயரோடை வெளியிலை வருது. அதாலை செத்தவையின்ரை தரவை என்ன செய்யிறது, செத்தவீட்டுக்குப் போய்ச் சம்மதம் கேக்கிறதா, கேக்காமல் பாவிக்கிறதா எண்டது ஒவ்வொரு எதிக்ஸ் கொமிட்டியும் மண்டையை உடைக்கிற விசயம். லேசான பதில் ஒண்டும் இல்லை.

அமெரிக்காவிலை 1996இலை கொண்டு வந்த விதியிலை எனக்குப் பிடிச்ச ஒரு பகுதி இருக்கு. சம்மதம் இல்லாமல் அவசர ஆய்வு செய்யிறதெண்டால் அந்த ஊர்ச் சனத்தோடை முதலே கதைக்கோணும், ஆய்வைப் பற்றிப் பகிரங்கமா அறிவிக்கோணும். எங்களிட்டை அதுக்கு எவ்வளவு நல்ல இடம் இருக்கு, ஊருக்கு ஊர் சனசமூக நிலையம், பின்னேரம் பேப்பர் வாசிக்க வாற ஆக்கள், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை. அங்கை போய், வாற வருசம் எங்கட ஆஸ்பத்திரியிலை இப்பிடி ஒரு ஆய்வு நடக்கப் போகுது, உங்களுக்கோ உங்கட பிள்ளைக்கோ ஒரு அவசரம் வந்தால் இப்பிடித்தான் செய்வம், கேள்வி இருந்தால் இப்பவே கேளுங்கோ எண்டு கதைச்சால் கையிலை ரத்தத்தோடை நிக்கிற அம்மாவிட்டை முதல் தரம் கதைக்கிற நிலை வராது.

அடுத்தது நேரம். ரத்தப் பெருக்கை நிப்பாட்டிற ட்ரனெக்ஸாமிக் அசிட் எண்ட மருந்தை கிராஷ்-2 எண்ட ஆய்விலை 20,211 பேரிலை சோதிச்சு 2010இலை முடிவு சொல்லிச்சினம், விலை குறைஞ்ச மருந்து, உயிரைக் காக்குது. ஆனா அடிபட்டு மூண்டு மணித்தியாலத்துக்குள்ளை குடுக்கோணும், பிந்திக் குடுத்தால் கெடுதலாயும் போகலாம். அப்ப எத்தினை மணிக்கு அடிபட்டது எண்டது உயிர் மாதிரி முக்கியமான தரவு. எங்கட டிக்கட்டுகளிலை, அதான் வாட்டிலை கட்டிலோடை வைச்சு எழுதுற கடதாசியிலை, என்ன இருக்கும்? "பின்னேரம் விபத்து." அவ்வளவுதான். தோட்டத்திலை பாம்பு கடிச்ச ஐயாவிட்டை எத்தினை மணிக்கு எண்டு கேட்டால் கோயில்லை பின்னேரப் பூசை மணி அடிச்சுக் கொஞ்சத்தாலை எண்டுவார். அந்தக் கோயில்லை எத்தினை மணிக்குப் பூசை எண்டு பிறகு விசாரிச்சு எழுதிற ஆள்தான் நல்ல தரவு சேர்ப்பவர். 1990 எண்ட நம்பருக்கு அடிச்சால் வாற அம்புலன்ஸ் 2018இலை வடக்குக்கு வந்த பிறகு அழைப்பு எடுத்த நேரமாவது ஒரு இடத்திலை பதியப்படுது, ஆனா கனபேர் இப்பவும் ஓட்டோவிலையும் பக்கத்து வீட்டு வானிலையும்தான் வருகினம்.

பாம்புக்கடி எண்டதாலை ஒரு சின்ன விசயத்தைக் கிட்டப் பாப்பம். புடையன் (கண்ணாடி விரியன்) பாம்பு கடிச்சால் ரத்தம் உறையாமல் போகும், அதைக் கண்டுபிடிக்க ஒரு லேசான சோதனை இருக்கு. கொஞ்ச ரத்தத்தை எடுத்துச் சுத்தமான, காய்ஞ்ச கண்ணாடிக் குழாயிலை விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிசம் வைச்சு, பிறகு ஒருக்காச் சரிச்சுப் பாக்கோணும். கட்டியா நிண்டால் உறைஞ்சிருக்கு, தண்ணியா ஓடினால் விஷம் ஏறியிருக்கு, விஷமுறிவு ஊசி வேணும். கேக்க எவ்வளவு லேசு! ஆனா குழாய் பிளாஸ்டிக்காய் இருக்கக் கூடாது, சவர்க்காரம் போட்டுக் கழுவின குழாயாயும் இருக்கக் கூடாது, முடிவு மாறிப் போகும். இருபது நிமிசம் எண்டால் இருபது நிமிசம். இரவு ரெண்டு மணிக்கு ஒரு நேர்ஸ், ஒரு பக்கம் முட்டு வந்து இழுக்கிற பிள்ளை, மற்றப் பக்கம் விபத்து ரெண்டு, இந்தக் குழாயைப் பத்து நிமிசத்திலை பாத்தாவோ முப்பத்தைஞ்சு நிமிசத்திலை பாத்தாவோ ஆருக்குத் தெரியும். டிக்கட்டிலை "உறைஞ்சிருக்கு" எண்டு ஒரு சொல்லுத்தான் இருக்கும். ஆறு மாதம் கழிச்சு அந்தச் சொல்லை எடுத்து நாங்கள் கொம்பியூட்டரிலை ஏத்திக் கணக்குப் போடுறம். எங்கட நாட்டிலையே செய்த ஆய்விலை இந்தச் சோதனை வழமையான வேலைக்கு நடுவிலை செய்யேக்கை கன கேஸுகளைத் தவற விடுது எண்டு காட்டியிருக்கினம். இதுக்கு அந்த நேர்ஸைக் குற்றம் சொல்லேலாது, ரெண்டு பேர் பாக்கிற வேலையை ஒருத்தர் பாத்தால் இப்பிடித்தான்.

தரவு சேர்க்கிற ஆளும் காலமை எட்டு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போறவர். அப்ப இரவிலை வாற கேஸ் எல்லாம் தவறிப்போகும். இரவு வாற ஆக்கள் வேறை மாதிரி, குடிச்சுப்போட்டு மோட்டச்சைக்கிளிலை விழுந்தவை, நித்திரையிலை பாம்பு கடிச்சவை. பகல் கேஸுகளை மட்டும் வைச்சு யாழ்ப்பாணத்திலை இப்பிடித்தான் எண்டு எழுதினால் அது அரைவாசி யாழ்ப்பாணம்.

வந்து சேராத ஆக்களும் இருக்கினம். நெடுந்தீவிலை ஒருத்தருக்கு நெஞ்சு நோ எண்டால் போட்டிலை குறிகட்டுவானுக்கு வந்து, அங்கையிருந்து ரோட்டாலை வரோணும், கடல் கொந்தளிப்பான நாளிலை அதுவும் இல்லை. வழியிலை செத்தால் எங்கட தரவிலை அவர் இல்லவே இல்லை. முதல்லை விஷகடி வைத்தியரிட்டைப் போய், பிறகு பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கையிருந்து மாத்தி யாழ்ப்பாணம் வாற ஆளுக்கு ரெண்டு மூண்டு இடத்திலை வேறை வேறை நம்பர், எல்லாம் கையெழுத்துக் கொப்பி, ஒண்டோடை ஒண்டைப் பொருத்திறதுக்கே ஒரு ஆள் வேணும்.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லோணும். இதயம் நிண்டுபோன ஆக்களுக்கு அட்ரினலின் ஊசி போடுறது உதவுமோ எண்டு பிரிட்டனிலை அம்புலன்ஸ் ஆக்கள் 8,014 பேரிலை பாத்து 2018இலை சொல்லிச்சினம்: முப்பது நாளிலை உயிரோடை இருந்தவை ஊசி போட்டதிலை 3.2 வீதம், போடாததிலை 2.4. வித்தியாசம் ஆயிரத்துக்கு எட்டுப் பேர். இவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எட்டாயிரம் பேர் தேவைப்பட்டது. அதுமட்டுமில்லை, ஊசி போட்டுத் தப்பினவையிலை மூளை பலமாப் பழுதான ஆக்கள் கூட. அப்ப எதை வெற்றி எண்டு எடுக்கிறது, மூச்சிருக்கிறதையா, எழும்பி நடந்து வீட்டை போறதையா? இதை ஆய்வு தொடங்க முந்தியே முடிவெடுத்து எழுதி வைக்கோணும். எங்கட ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒரு வருசத்திலை வாற கேஸுகளை வைச்சு இப்பிடியான கேள்விக்குப் பதில் காண ஏலவே ஏலாது, பல ஆஸ்பத்திரியள், பல நாடுகளோடை சேந்தால்தான் உண்டு.

காசு, ஆள் பலம் பற்றிக் கனக்க எழுதத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். டொக்டர்மார் தங்கட டியூட்டிக்கு மேலாலைதான் ஆய்வு செய்யினம், மேற்படிப்புக்கு ஒரு ஆய்வு வேணும் எண்டு தொடங்கினவர் மாற்றலாகிப் போக அதோடை கொப்பியும் அலுமாரிக்குள்ளை போகுது. 2022இலை பொருளாதார நெருக்கடி வந்தநேரம் மருந்தில்லை, பெற்றோல் இல்லை, கன டொக்டர்மார் நாட்டை விட்டுப் போச்சினம். அந்த நேரத்திலை ஆய்வைக் கொண்டிழுத்த ஆக்களை நான் உண்மையாவே மதிக்கிறன்.

இவ்வளவும் இருந்தும் செய்ய ஏலும். விஷமுறிவு ஊசி போடேக்கை சில ஆக்களுக்குக் கடும் ஒவ்வாமை வரும், அதாலையே உயிர் போகலாம். முன்கூட்டி எதைக் குடுத்தால் அதைத் தடுக்கலாம் எண்டு களனிப் பல்கலைக்கழக ஆக்களும் சேந்து இலங்கை ஆஸ்பத்திரியளிலை 1,007 பேரிலை சோதிச்சு 2011இலை முடிவை வெளியிட்டினம். கனகாலமாக் குடுத்துவந்த ஹைட்ரோகோட்டிசோனும் ப்ரோமெதசீனும் பிரியோசனமில்லை, குறைஞ்ச அளவு அட்ரினலின் உதவுது எண்டு காட்டிச்சினம். இந்தக் கேள்வியை லண்டனிலை ஆரும் எங்களுக்காகக் கேட்டிருக்க மாட்டினம், அங்கை புடையனும் இல்லை, வெங்காயத் தோட்டத்திலை வெறுங்காலோடை நிக்கிற ஆக்களும் இல்லை.

கடைசியா, நாளைக்கு உங்களிட்டையோ உங்கட வீட்டுக்காரரிட்டையோ ஆரும் வந்து ஒரு ஆய்விலை சேருறியளோ எண்டு கேட்டால், எதிக்ஸ் கொமிட்டி அனுமதி இருக்கோ எண்டு முதல் கேளுங்கோ, எங்கட மருத்துவ பீடத்திலும் அப்பிடி ஒரு குழு இருக்கு. சேராட்டி வழமையான வைத்தியம் குறையுமோ எண்டு கேளுங்கோ, குறையக் கூடாது. இடையிலை விலகலாமோ எண்டு கேளுங்கோ, எந்த நேரமும் காரணம் சொல்லாமல் விலகலாம். தகவல் தாளிலை போன் நம்பர் இருக்கோணும், அந்தத் தாளை உங்களிட்டைத் தரோணும், தமிழிலை இருக்கோணும். வாசிக்க நேரமில்லாட்டி வாசிச்சுச் சொல்லுங்கோ எண்டு கேக்கலாம், அது அவையின்ரை வேலை. ஆய்வு முடிஞ்சால் முடிவு என்ன எண்டு எங்களுக்கும் சொல்லுவியளோ எண்டும் கேளுங்கோ, இதை ஆரும் கேக்கிறேல்லை, கேட்டால்தான் சொல்லத் தொடங்குவினம்.